மூணு சக்கரமும் தெரியுது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை என் மளிகைக் கடையில் ஒருவர் ஆறு முட்டையும் ஒரு பொட்டலம் தேங்காய்த் துருவலும் வாங்கினார். அவ்வளவுதான்.

வாங்கியவர் ப்ரெபென். எழுபது வயது. டிராக்டர் ரிப்பேர் செய்பவர். எங்கள் தீவின் விமான கிளப்பில் இருக்கும் மூன்று குட்டி விமானங்களுக்கும் அவர்தான் மெக்கானிக். முட்டையை அவித்துத் தின்பதைத் தவிர அடுப்படியில் வேறெதுவும் தெரியாத மனிதர். அவர் தேங்காய்த் துருவல் வாங்குகிறார் என்றால் விஷயம் பெரிது.

ஏன் பெரிது என்று புரிய வேண்டுமானால் தப்புக் கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் வேலை பார்க்கிற இடங்களில் பரவலாக இருக்கிற வழக்கம்தான், எங்கள் கிளப்பில் கொஞ்சம் கறாராக நடக்கும். பறப்பதிலோ பராமரிப்பதிலோ யார் தப்பு செய்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் கையால் ஒரு கேக் செய்துகொண்டு வர வேண்டும். அதில் ஒரு காகிதக் கொடி குத்தியிருக்கும். எல்லோர் தட்டிலும் ஒரு துண்டு விழுந்த பிறகு எழுந்து நின்று, நான் இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டும். வாயில் கேக்கை வைத்துக்கொண்டு யாரும் திட்ட முடியாது, அதுதான் இதிலுள்ள சூட்சுமம். சொல்லி முடித்ததும் தப்பு தீர்ந்தது. பிறகு அதைக் கிளறுகிறவர் அடுத்த கேக்கைக் கொண்டு வர வேண்டும்.*

* கடையில் வாங்கிய கேக் செல்லாது. கடைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

2

முதல் வரிக்காக எழுதி அடித்தவற்றை மறைக்கப் போவதில்லை.

"வானம் நீலமாகவும் கடல் அமைதியாகவும்—" (எங்கள் தீவில் இரண்டும் ஒரே நாளில் அமைந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள். வேண்டாம்.)

"விபத்துக்குப் பத்து நிமிடம் முன்புகூட வீபெக்கே சிரித்துக்கொண்டிருந்தாள், பாவம், அவளுக்குத் தெரியாது தன்—" (இந்தப் 'பாவம்' என்ற சொல்லை அவள் படித்தால் என் கடைப் பக்கமே வரமாட்டாள்.)

"மனிதன் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து—" (மகா தத்துவம் ஒன்று வரப் போகிறது என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.)

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அதாவது, முடிந்தவரை நடந்தபடி.

3

வீபெக்கே எங்கள் தீவின் கால்நடை மருத்துவர். அறுபத்து மூன்று வயது. நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதினால்தான் கிட்டத்தில் போக முடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தது அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு. எதிர்க்கரையிலிருந்து ஆடுகளுக்கான தடுப்பூசி மருந்தை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு, கிளப்பின் பழைய நாலு சீட்டு விமானத்தில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு விமானங்களின் சக்கரங்களும் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். இதில் மட்டும் ஏறியதும் சக்கரங்களை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளலாம், இறங்கும் முன் வெளியே விட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம்தான் முழுக் கதையும்.

தீவு தெரிந்ததும் வீபெக்கே முறைப்படி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தாள். பெட்ரோல். பெல்ட். சக்கரம். லீவரைக் கீழே தள்ளினாள். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பச்சை விளக்கும் எரிந்தன. கீழே பார்த்தாள். ஓடுதளம் முழுக்க ஆடு.

எங்கள் ஓடுதளம் புல்தரை. புல்லை வெட்ட ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று பக்கத்துப் பண்ணையின் ஆடுகளை மேயவிட்டிருக்கிறோம். ஆகவே இறங்குவதற்கு முன் ஒருமுறை தாழப் பறந்து ஆடுகளை விரட்ட வேண்டும், பிறகு ஏறிச் சுற்றி வந்து இறங்க வேண்டும். சட்டென்று ஏற வசதியாக, விரட்டும்போது சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்வோம். சக்கரம் உள்ளே இருக்கும்போது வேகத்தைக் குறைத்தால், மறந்துவிட்டாயா என்று கேட்டு விமானத்துக்குள் ஓர் ஊதல் கத்தும். ஒவ்வொரு தடவை ஆடு விரட்டும்போதும் அது கத்துவதால், எங்கள் கிளப்பில் யாருடைய காதிலும் அது இப்போதெல்லாம் விழுவதே இல்லை.

அதற்கும் ஒரு மாற்று வைத்திருந்தோம். ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. அங்கே ஒருவர் வாக்கி-டாக்கியோடு உட்கார்ந்து, இறங்க வருகிற விமானத்தின் வயிற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "களம் காலி. மூணு சக்கரமும் தெரியுது. வாங்க." அன்று அந்தப் பெஞ்சில் இருந்தவன் எஸ்பென். ஐம்பது வயது. (இவனைப் பற்றிப் பிறகு.)

வீபெக்கே சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு தாழப் பறந்தாள். ஆடுகள் ஓடின. ஒரு கிடா மட்டும் நகரவில்லை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் தலைவர்.

"எஸ்பென், தலைவர் என்ன சொல்றார்?"

"கூட்டம் இன்னும் முடியலையாம். இன்னொரு சுத்து வாங்க."

இரண்டாவது முறை இன்னும் தாழ வந்தாள். தலைவர் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தது, யோசித்தது, மெதுவாக வேலியோரம் நடந்தது. வீபெக்கே சிரித்துக்கொண்டே ஏறினாள், சுற்றினாள், ஓடுதளத்துக்கு நேராக வந்தாள். பெட்ரோல், பெல்ட், சக்கரம் எல்லாம் பார்த்தாயிற்று என்று மனசு சொன்னது. பார்த்ததும் உண்மைதான், பத்து நிமிடத்துக்கு முன்னால். ஊதல் கத்தியது. வழக்கம்போல் யாருக்கும் கேட்கவில்லை.

"தலைவர் போயாச்சு. களம் காலி. மூணு சக்கரமும் தெரியுது. வாங்க."

இறங்கினாள். தரையைத் தொட வேண்டிய இடத்தில் விமானம் தொடவில்லை. இன்னும் கீழே போனது. 'என்ன இது, புல்லு இவ்வளவு பள்ளமா' என்று நினைக்க ஒரு கணம் கிடைத்ததாம். அப்புறம் ப்ரொபெல்லர் மண்ணைக் கொத்தியது. தகரக் கூரையைத் தரையோடு இழுத்துப் போகிற மாதிரி ஒரு சத்தம், நூறு மீட்டர் தூரத்துக்கு. விமானம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. அவளுடைய உதடு கிழிந்திருந்தது. மருந்துப் பெட்டியில் ஒரு புட்டிகூட உடையவில்லை.

பெட்ரோல் குழாயை அடைத்தாள். மின்சாரத்தை நிறுத்தினாள். பிறகு அவள் கை தானாகப் போய்ச் சக்கர லீவரைக் கீழே தள்ளியது.

4

இங்கேதான் நான் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கை ஏன் அப்படிச் செய்தது? 'தன் மறதியை மறைக்க வீபெக்கே—' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி விட்டுவிட்டேன். 'அதிர்ச்சியில், பழக்கத்தின் காரணமாக—' என்று இன்னொன்றைத் தொடங்கி அதையும் விட்டுவிட்டேன். முதல் வாக்கியம் அவளைத் திருடியாக்குகிறது, இரண்டாவது பச்சைக் குழந்தையாக்குகிறது. அவளிடமே கேட்டேன். "தெரியலைப்பா. கை போச்சு. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். எழுத்தாளனுக்கு இதைவிடத் தொல்லையான பதில் கிடையாது, ஆனால் நான் அதை நம்புகிறேன்.

ஓடுதளத்துப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த ப்ரெபென் சத்தம் கேட்டு ஓடி வந்தார். கதவைப் பிய்க்காத குறையாகத் திறந்து அவளை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"உயிரோட இருக்கியாடி? கை கால் எல்லாம் இருக்கா?"

"எண்ணிக்கோ."

எண்ணினார், நிஜமாகவே. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். லீவர் கீழே இருந்தது. சக்கரம் உள்ளே இருந்தது. தள்ளியும் வரவில்லை என்றால் பழுது மோட்டாரில், அதாவது அவர் வேலையில்.

"என்ன ஆச்சு வீபெக்கே?"

"சக்கரம் வரலை."

வரவில்லை என்பதில் பொய் இல்லை. அவள் சொல்ல நினைத்த வாக்கியத்தின் முதல் பாதி அது. இரண்டாம் பாதி, 'நான்தான் விடலை'. அதற்குள் கிளப்பிலிருந்து ஓடி வந்த செவிலியர் ஒருவர் அவள் உதட்டில் பஞ்சை வைத்து அமுக்கிவிட்டார்.

"ஏப்ரல்ல நான்தானே அந்தச் சக்கர மோட்டாரைப் பிரிச்சு மாட்டினேன்," என்றார் ப்ரெபென், யாரிடம் என்றில்லாமல்.

பஞ்சை எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அந்த முதல் பாதி தீவு முழுக்கப் பரவி முழு உண்மையாகிவிட்டது. விமானத்தின் வயிறு நசுங்கியதில் மோட்டாரும் சேர்ந்து நசுங்கிப் போயிருந்தது. சோதித்துப் பார்க்க வழியில்லை. கிளப் பதிவேட்டில் 'காரணம்' என்று இருந்த கட்டத்தில் ப்ரெபென் அன்று சாயங்காலமே இரண்டு சொல் எழுதினார்: என் கை.

5

எஸ்பென்.

இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. வீபெக்கேயை எழுதும்போது அவள் மூச்சு கேட்கிறது. ப்ரெபெனை எழுதும்போது கிரீஸ் வாசனை வருகிறது. எஸ்பென் மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டியவன் மாதிரி நிற்கிறான். ஒரு மீசை கொடுத்துப் பார்த்தேன். மீசை நன்றாக இருந்தது, அவன் அப்படியே இருந்தான்.

அவன் சொன்னதில் ஒரு கணக்கு இடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். சக்கரம் உள்ளே இருந்த விமானத்தைப் பார்த்து 'மூணு சக்கரமும் தெரியுது' என்று அவன் எப்படிச் சொன்னான்? அப்போது மற்றவர்கள் கிளப் கட்டடத்துக்குள்ளே ஒரு பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்னது வீபெக்கேயின் காதைத் தவிர வேறு யார் காதிலும் விழவில்லை. அவளும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் சுற்றில், ஆட்டைப் பார்ப்பதற்கு முன்னால், மூன்று சக்கரமும் நிஜமாகவே தெரிந்தன என்பதை அவனுக்காக இங்கே பதிவு செய்கிறேன். (அவனுக்காக நான் ஏன் வாதாடுகிறேன்?)

6

சனிக்கிழமை காலைக்கு வருவோம். கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தக் கனவுக் கேக் இருக்கே," என்றார் ப்ரெபென், "மேலே தேங்காயும் வெல்லச் சர்க்கரையும் போட்டு வருமே, அதுக்கு என்னென்ன வேணும்?"

"நீங்களா செய்யப் போறீங்க?"

"பின்ன, தலைவரா வந்து செய்யும்? எடுத்து வை."

எடுத்து வைத்தேன். வெண்ணெய் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவா? அதான் எல்லாரும் உருண்டையா இருக்காங்க" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

"நாளைக்குச் சொல்லிட்டுக் கிளப் பட்டறைச் சாவியையும் கொடுத்துடலாம்னு இருக்கேன். நாப்பது வருஷம் பார்த்தாச்சு. ஒரு வாரமா தூக்கமில்லை. எந்த நட்டை விட்டேன், எந்தத் திருகை முறுக்கலைன்னு அந்த மோட்டாரை மனசுக்குள்ளயே பிரிச்சுப் பிரிச்சு மாட்டறேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப கைதான் சரியில்லைன்னு ஆகுது." தன் இரண்டு கையையும் கல்லாவின் மேல் விரித்து வைத்துப் பார்த்தார். "அவ செத்திருந்தா?"

நான் முட்டையைப் பையில் வைத்தேன்.

பதினோரு மணிக்கு வீபெக்கே வந்தாள். உதட்டில் மூன்று தையல்.

"என்ன, கடையில ஒரே அமைதி?"

"ப்ரெபென் வந்துட்டுப் போனார். தேங்காய்த் துருவல் வாங்கினார்."

அவள் கையிலிருந்த கூடை கல்லாவின் மேல் மெதுவாக இறங்கியது.

"எதுக்கு?"

"நாளைக்குத் தப்புக் கேக்காம். பட்டறைச் சாவியையும் கொடுத்துடப் போறாராம்."

ஜன்னல் வழியே படகுத்துறையைப் பார்த்தாள். "மடையன்," என்றாள். "நாப்பது வருஷமா பழகறேன், இவ்வளவு பெரிய மடையன்னு தெரியாமப் போச்சே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முட்டை எத்தனை இருக்கு?"

"பன்னிரண்டு."

"எனக்கு ஆறு கொடு. மீதி ஆறை வித்துடாதே."

மீதி ஆறு யாருக்கு என்று நான் கேட்டதாக இந்த இடத்தில் எழுதியிருந்தேன். 'எஸ்பெனுக்கு' என்று அவள் சொன்னதாகவும் எழுதியிருந்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

7

எஸ்பென் என்று யாரும் கிடையாது.

அன்று பெஞ்சில் இருந்தது நான். பக்கத்தில் ஃபிளாஸ்க் இருந்தது. தலைவர் வேலியோரம் போனதைப் பார்த்தேன், சிரித்தேன், கோப்பையில் காபி ஊற்றினேன். விமானம் நேராக வருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூணு சக்கரமும் தெரியுது" என்று காபிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னேன். இருபத்தாறு வருடமாகச் சொல்கிற வாக்கியம், பார்க்காமலே வாயில் வரும். அடுத்து நிமிர்ந்தபோது விமானம் புல்லில் தேய்ந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை, கடைசியில் உட்கார்ந்து எஸ்பெனுக்கு மீசை வரைந்தேன். ப்ரெபென் தூங்காமல் கிடந்தார்.

கடைக் காட்சியில் நான் வெட்டி எறிந்த வரிகளை இப்போது திரும்ப ஒட்டுகிறேன்.

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன்.

"முதல் நாள் வலி. ரெண்டாம் நாள் வெட்கம். மூணாம் நாள் யோசிச்சேன். முழுசாச் சொல்லணும்னா, நீ சொன்னது காதில விழுந்துச்சுங்கறதையும் சொல்லணும். அது எப்படி என் வாயால சொல்றது?"

"சொல்லியிருக்கலாம்."

"அது என் கேக் இல்லைப்பா. சக்கரத்தை விட வேண்டியது நான். நீ தெரியுதுன்னாலும் தெரியலைன்னாலும் அது என் வேலை. அதை நான் பார்த்துக்கறேன். உன்னோடதை நான் சுட்டா நல்லாவா இருக்கும்?"

"நாளைக்கு எனக்குக் கடையில—"

"ஞாயித்துக்கிழமை கடை ஏது உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

8

கதையை முடிக்க மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் ப்ரெபென் எழுந்து பேசுகிறார். வீபெக்கேக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் தேங்காய் நன்றாக இருக்கிறது என்கிறேன். அவர் சாவியை மேசைமேல் வைக்கிறார். இதை எழுதி முடித்து அடுப்பில் போட்டேன். கதையாக அது கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தால் நான் எந்தக் கண்ணால் அவரைப் பார்ப்பேன்?

இரண்டாவதில் வீபெக்கே முந்திக்கொள்கிறாள். ப்ரெபென் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போகிறார். எல்லோரும் பயந்து போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கொட்டகைப் பின்னாலிருந்து "நாசமாப் போறவளே! ஒரு வாரமா அந்த மோட்டாரைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேனேடி!" என்று ஒரு கத்தல். அப்புறம் சிரிப்பு. திரும்பி வந்து தன் கைகள் இரண்டையும் அவள் முகத்துக்கு முன்னால் நீட்டுகிறார். "பாரு. நல்லாருக்கு இல்ல? நல்லாத்தானே இருக்கு?" அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இதை எழுதியபோது நானும் கொஞ்சம் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் இந்த முடிவில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். ஒரு மூலையில் மீசையோடு உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவதை இன்னும் எழுத—

9

இதைக் கிளப் வாசல் சைக்கிள் நிறுத்தத்தில் நின்று பென்சிலால் எழுதுகிறேன். ஞாயிறு, மதியம் இரண்டு மணி. சைக்கிள் கூடையில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட ஒரு கேக் இருக்கிறது. நடுவில் பள்ளமாகிவிட்டது, கொடி ஒரு பக்கமாகச் சாய்கிறது. முட்டை விற்றே காலம் தள்ளியவன், அதை உடைக்கிற பழக்கம் போதாது.

ஜன்னல் வழியாக மேசை தெரிகிறது. பதினாலு பேர். ப்ரெபென் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறார். அவர் முன்னால் தேங்காய் கருகிய ஒரு கேக். எதிரே வீபெக்கே. அவள் முன்னாலும் ஒரு கேக். ப்ரெபென் அவள் கேக்கைப் பார்க்கிறார், அதில் குத்தியிருக்கும் கொடியைப் பார்க்கிறார். ஜன்னல் திறந்திருப்பதால் பேச்சும் கேட்கிறது.

"இது எதுக்கு? யாருக்குப் பிறந்தநாள்?"

"உட்காரு, சொல்றேன். இன்னும் ஒருத்தர் வரணும்."

"யாரு வரணும்? எல்லாரும் வந்தாச்சே."

இரண்டு கேக்குக்கும் நடுவில் ஒரு பெரிய தட்டு இருக்கிறது. காலியாக. அவள்தான் வைத்திருக்க வேண்டும். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை, அதுதான் என்னைக் கொல்கிறது.

ப்ரெபென் எழுந்திருக்கிறார். சட்டைப் பையில் கையை விடுகிறார். சாவி.

மூன்றாவது முடிவை இங்கே எழுதப் போவதில்லை. அதை உள்ளே போய் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யார் சிரித்தார், யார் கத்தினார், அந்தச் சாவி எந்தப் பைக்குத் திரும்பிப் போனது என்பதையெல்லாம் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறேன். இந்தத் தடவை நிமிர்ந்து, நிஜமாகவே பார்த்து: மேசையில் இரண்டு கேக்கும் ஒரு காலித் தட்டும் தெரிகின்றன.

பென்சிலைப் பையில் வைக்கிறேன். கேக்கை இரண்டு கையாலும் தூக்குகிறேன். உங்களுக்கும் ஒரு துண்டு உண்டு. வாயில் போட்டுக்கொள்ளுங்கள், நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.